பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

திருப்பூர்,
ஆகஸ்ட் 3, ஞாயிறு.

அன்புள்ள நதியா அக்காவுக்கு,

உன் தங்கை தரணி எழுதுகிறேன். அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள் அம்மா. மூன்றாவது வரியில் கேட்டதற்கு மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு சோப்பு உறையை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுக்கப் பேசினார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை என்னால் நம்பவே முடியவில்லை. எங்கள் பதினொன்றாம் வகுப்பில் அந்த நேரத்துக்குள் ஒரு செய்யுளை நடத்தி, பொருள் சொல்லி, குறுவினாவும் எழுதிப் போட்டுவிடுவார்கள். எதை எடுத்தாலும் இதை யார் சொல்கிறார்கள், யாருக்குச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கேட்க வேண்டும் என்று உன் பேராசிரியை சொன்னதை என் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் கட்டுரைக்கு மதிப்பெண் குறைந்ததற்காக நீ குளியலறையில் போய் அழுதாய் என்று படித்ததும் எனக்கு மனசே சரியில்லை. பேருந்துப் பயணச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டாய், ஏன் எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை என்று பேராசிரியை சிவப்பு மையில் எழுதிவிட்டாராமே. அதனால் என்ன, அக்கா? மற்ற பெண்களின் வீட்டில் புத்தக அலமாரி இருக்கலாம். ஆனால் நம் ஊரைப் போல மூலைக்கு மூலை எழுத்து வேறு எந்த ஊரில் இருக்கிறது? நீ கேட்டபடி அறிவிப்பு, விளம்பரம் என்று கண்ணில் படுவதையெல்லாம் சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.

நம் தெரு மின்கம்பத்தில் ‘ஆட்கள் தேவை’ என்று ஒட்டியிருக்கிறார்கள். தமிழிலும் இந்தியிலும், வட்ட வட்டமாக இருக்கும் ஒடியா எழுத்திலும் ஒரே விஷயம். தங்குமிடம் இலவசம், சாப்பாடு இலவசம், வாரச் சம்பளம் என்று எல்லாம் இருக்கிறது. காலையில் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வரலாம் என்பது மட்டும் மூன்று மொழியிலும் இல்லை. அடுத்தது, நம் வரிசை வீட்டுக் காம்பவுண்டுக்கு எதிரில் கட்டியிருக்கும் காதுகுத்து பிளெக்ஸ். தாய்மாமன், அவர் கூட்டாளிகள், அவர்கள் ஓட்டும் வண்டி எல்லாம் பெரிது பெரிதாக இருக்கின்றன. காது குத்தப்போகிற குழந்தையின் படம்தான் எல்லாவற்றிலும் சிறியது. இது உன் கட்டுரைக்கு ஆகுமா?

இப்போது முக்கியமான செய்தி. அம்மா வேலை செய்யும் பனியன் கம்பெனிக்கு இந்த மாதம் ஆடிட் வருகிறது. நீ இருந்தபோது வந்த மாதிரி இல்லை, இது துணி வாங்கும் புது வெளிநாட்டு பையர், பெரிய ஆர்டராம். வெளிநாட்டிலிருந்து அவர்கள் அனுப்பும் ஆட்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தொழிலாளர்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். பதில்களை முன்கூட்டியே தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் ஆத்தப்பன் அண்ணன் நம் காம்பவுண்டுக்கே வந்து என்னிடம் அந்தத் தாளைக் கொடுத்தார். “தரணிக் கண்ணு, நீதான் நல்லாப் படிக்கிற புள்ளயாச்சே. இவிங்களுக்கு இதையக் கொஞ்சம் வாயில போட்டு உடு. நான் சொன்னா ஒருத்திக்கும் ஏற மாட்டீங்குது” என்றார். எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

தாளில் இருந்த தமிழைப் பார்த்தால் நீ சிரிப்பாய். ‘பேக் டோர் எப்பவும் ஓப்பன்ல இருக்கும்’ என்று எழுதியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முன்னால் இப்படியா பேசுவது? நான் எல்லாப் பதில்களையும் திருத்தி எழுதினேன். ‘அவசர காலத்தில் வெளியேறுவதற்கான பின்வாசல் எந்நேரமும் தடையின்றித் திறந்திருக்கும்.’ எப்படி இருக்கிறது? சாயங்காலம் குழாயடி வேலை முடிந்ததும் நம் காம்பவுண்டுப் பெண்களை உட்காரவைத்து, செய்யுள் மாதிரி பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்து வீட்டுக் கருத்தம்மா பெரியம்மாவுக்குத்தான் பொறுமையே இல்லை. “ஏண்டி, நான் என்ன பரிச்சைக்கா போறேன்? ‘எந்நேரமும்’னு சொல்ல வாயத் தொறந்தா வெத்தல எச்சி தெறிக்குது” என்கிறார். கடைசி வீட்டு ராக்கம்மாள் அக்கா குடிநீரைப் பற்றிக் கேட்டால் கழிப்பறையைப் பற்றிய பதிலைச் சொல்லிவிட்டு, தானே தலையில் அடித்துக்கொள்கிறார். அம்மாதான் முதலில் மனப்பாடம் செய்து முடித்தாள்.

ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன். அந்தப் பின்வாசல் உண்மையிலேயே திறந்திருக்குமா என்று. “சொல்லிக்குடுக்கச் சொன்னதச் சொல்லிக்குடு” என்றாள் அம்மா. கருத்தம்மா பெரியம்மா சும்மா இருக்கவில்லை. “அந்தக் கதவுக்கு முன்னாடி ஆளுயரத்துக்கு அட்டப்பெட்டி அடுக்கி வெச்சிருக்கானுக. கதவு இருக்குன்னு செவுத்துல ஒட்டுன பச்சப் படத்தப் பாத்துத்தான் நமக்கே தெரியும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என் திருத்தங்களையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். உன் அடுத்த கட்டுரைக்கு உதவினால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

நீ வகுப்பில் தலைநிமிர்ந்து உட்கார வேண்டும் என்று தினமும் நினைக்கும்,
தரணி.


திருப்பூர்,
ஆகஸ்ட் 13, புதன்.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். இப்போது கோபம் இல்லை. பயமாக இருக்கிறது.

என் தமிழைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அதற்குப் பதிலாக அந்தத் தாளை வரி வரியாகப் பிரித்து எழுதியிருந்தாய். அதில் ‘நான்’, ‘நாங்கள்’ என்று வரும் இடத்திலெல்லாம் பேசுவது அம்மா இல்லை, முதலாளி ஆறுச்சாமி என்றாய். கேட்கிறவர் ஆடிட்டர் என்றாய். அட்டைப்பெட்டிகளைப் பற்றி ஒரு பதிலும் இல்லை, ஆகவே சொல்லாமல் விட்டது அதுதான் என்றாய். ‘அவருடைய பேச்சை அம்மாவின் வாயில் நீ உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருக்கிறாய்’ என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நீ அதைச் சொல்லிவிடலாம். மறுநாள் சாயங்காலம் கருத்தம்மா பெரியம்மா மணை போட்டு உட்கார்ந்துகொண்டு, “வாத்தியாரம்மா, ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

வழக்கம்போல அம்மா உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். அந்தப் பகுதியை விட்டுவிட்டு வாசித்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, “ஏதோ ஒண்ண முழுங்கிட்டுப் படிக்கிற. ஒங் கண்ணு கீழ போயிட்டுல்ல வருது” என்றாள். அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என் கண் எப்படித் தெரிந்ததோ! முழுவதையும் வாசித்தேன். கழுநீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். “இத அவ காலேசுல எல்லாரு முன்னாடியும் வாசிப்பாளா?”

அக்கா, அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன். திங்கட்கிழமை கம்பெனியில் புகை பிடித்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் இதைப் படித்துக்கொள், பிறகு மற்றதைப் படி.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மிஷினில் உட்கார்ந்த நேரம். பனியன் வேஸ்ட் குவித்து வைக்கும் அறையில் சுவிட்சில் பொறி தட்டியிருக்கிறது. பஞ்சும் துணித் துண்டும் பற்றினால் நெருப்பைவிடப் புகைதான் முந்தும் என்று உனக்குத் தெரியும். யாரோ கத்தியதும் முன்வாசலில் கூட்டம் நெருக்கியிருக்கிறது. அம்மாவும் இன்னும் சிலரும் அந்தப் பச்சைப் படத்தைப் பார்த்துப் பின்பக்கம் ஓடியிருக்கிறார்கள். அம்மா அட்டைப்பெட்டிகளை இழுத்துத் தள்ளிவிட்டுக் கதவைத் தள்ளியிருக்கிறாள். தோளால் இடித்திருக்கிறாள். வெளியே பூட்டு. மறுபடியும் புகைக்குள்ளேயே திரும்பி, ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு முன்பக்கமாக வந்திருக்கிறார்கள். அதற்குள் ஆண்கள் மணலைக் கொட்டி அணைத்துவிட்டார்கள். ராக்கம்மாள் அக்கா படியில் மயங்கி விழுந்திருக்கிறார். சோடா வாங்கிக் கொடுத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் திரும்ப மிஷினில் உட்காரவைத்துவிட்டார்கள்.

இதில் ஒன்றும் அம்மா என்னிடம் சொல்லவில்லை. குழாயடியில் கருத்தம்மா பெரியம்மா சொன்னார். அம்மாவின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. கேட்டதற்கு அட்டைப்பெட்டி கிழித்துவிட்டது என்றாள். அது பொய் இல்லைதான்.

நேற்றுச் சாயங்காலம் முதலாளியும் அவர் மனைவி செல்லாத்தாளும் நம் வீட்டுக்கு வந்தார்கள். இந்தக் காம்பவுண்டுக்குள் அவர்கள் கார் வந்ததே இல்லை. ஒரு தார் வாழைப்பழத்தை டிரைவர் கொண்டுவந்து இறக்கினார். நம் வீட்டில் இருக்கும் ஒரே நாற்காலியில் முதலாளி உட்கார்ந்தார். அவர் குரலை உயர்த்திப் பேசவே இல்லை. “ஏனுங்க விஜயராணி, பயந்துட்டீங்களா? எனக்கும் பகீர்னு ஆயிப்போச்சுங்க. அந்தப் பக்கமாத்தானுங்க தெச்ச பீஸ் களவு போவுது, அதுக்குத்தான் பூட்டு. ஆடிட் அன்னைக்கு வெடியாலயே தொறந்து வெச்சர்றனுங்க” என்றார். அம்மா தலையை ஆட்டினாள். “இந்த ஆர்டர் போச்சுன்னா எனக்குத் தோட்டம் இருக்குதுங்க, போயி மாட்டப் பாத்துக்குவேன். உங்களையெல்லாம் நெனச்சாத்தானுங்க எனக்குத் தூக்கம் வரமாட்டீங்குது” என்றார்.

செல்லாத்தாள் அம்மா என் தலையைத் தடவினார். “அக்காக்காரி மதுரைல படிக்கறாளாமா, கண்ணு? நல்லாப் படிக்கட்டும். நடுவுல நின்னு போயிரக் கூடாதல்ல?” என்றார். அன்பாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவர்கள் போன பிறகு அந்த வாசகத்தை உன் பேராசிரியையின் கேள்விகளை வைத்துப் பார்க்கலாமா என்று தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மா ஒரு பழத்தைக்கூட எடுக்கவில்லை. தாரோடு தூக்கிக்கொண்டு போய்க் காம்பவுண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அதனால்தான் கேட்கிறேன். அந்தத் தாளைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை வாசிக்காதே. பேராசிரியை உன்னை முதன்முறையாகப் பாராட்டினார் என்று எழுதியிருக்கிறாய். வருகிற திங்கட்கிழமை வகுப்பின் முன்னால் நின்று வாசிக்கச் சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படிக்கும்போது உன் கையெழுத்தே துள்ளுகிறது. ஆனால் உன் வகுப்பில் யாருடைய மாமா எந்த பனியன் கம்பெனியில் இருக்கிறார் என்று நமக்கு எப்படித் தெரியும்? அப்பா போன பிறகு நம் இரண்டு பேரின் படிப்பும் அம்மா உட்காரும் அந்த மிஷின் மேல்தான் நிற்கிறது. அவள் வேலைக்கு ஏதாவது வந்துவிட்டால் நீயும் நானும் எங்கே போவோம்?

ஆடிட் அடுத்த செவ்வாய்க்கிழமை. நேற்றும் சொல்லிக்கொடுத்தேன், அக்கா. நிறுத்திவிட்டால் அவர்கள் ஆடிட்டர் முன்னால் திணறுவார்கள், அதற்கும் அவர்களைத்தான் திட்டுவார்கள். பின்வாசல் வரி வந்ததும் நான்தான் தாளை மடக்கினேன். அம்மா எனக்காகக் காத்திருக்காமல் தானே அந்த வரியைச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போ என்று கையைக் காட்டினாள். உள்ளங்கையில் மஞ்சள் பூசியிருந்தது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தரணி.


திருப்பூர்,
ஆகஸ்ட் 24, ஞாயிறு.

என் அன்பு அக்காவுக்கு,

இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா சந்தைக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் முடிக்க வேண்டும்.

நீ அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, விடுதி உணவுக்கூட அறிவிப்பைப் பற்றி அவசரமாக ஒன்று எழுதிக் கொடுத்தாய் என்று படித்தேன். பேராசிரியை உன்னை ஏமாற்றத்தோடு பார்த்தார், காரணம் கேட்டும் நீ சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்காகச் செய்தாய். அதை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் நாம் பயந்தது நடந்துவிட்டது. உன்னால் இல்லை.

ஆடிட் அன்று நடந்ததை அம்மா கொஞ்சமும் கருத்தம்மா பெரியம்மா மிச்சமும் சொன்னார்கள். அட்டைப்பெட்டிகளை முந்தின நாளே லாரியில் ஏற்றிவிட்டார்கள். பின்கதவை விடியற்காலையிலேயே திறந்து வைத்துவிட்டார்கள். சுவரெல்லாம் புது போர்டு. வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லையாம். ஒரு ஆணும் ஒரு இளம்பெண்ணும். அந்தப் பெண் கட்டிங் டேபிளுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்குக் கோவில்பட்டிப் பக்கமாம். பேச்சைக் கேட்டதும், அம்மாவைப் போலவே தெற்கிலிருந்து பிழைக்க வந்த கருத்தம்மா பெரியம்மாவுக்கு, நம்ம ஊர்ப் பிள்ளை போலிருக்கிறதே என்று பயம் பாதி போய்விட்டதாம்.

முதலில் ராக்கம்மாள் அக்கா போயிருக்கிறார். இந்தத் தடவை ஒரு பதிலும் இடம் மாறவில்லை. அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். கருத்தம்மா பெரியம்மா போய், ‘அவசர காலத்தில் வெளியேறுவதற்கான பின்வாசல்’ என்று தொடங்கியதுமே அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாளாம். “பெரியம்மா, நீங்க எந்த ஊரு?” என்றாளாம். “சாயல்குடிப் பக்கம், தாயி.” “சாயல்குடில ‘தடையின்றி’னுதான் பேசுவீகளா?” அதற்குப் பெரியம்மா, “இல்ல தாயி. எங்க ஊருல தடையா இருந்தா வையிறதோட சரி” என்றிருக்கிறார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

அக்கா, என் தமிழ்தான் காட்டிக்கொடுத்தது. அத்தனை பெண்கள், அத்தனை ஊர்ப் பேச்சு, எல்லோர் வாயிலும் ஒரே வாக்கியம், அதுவும் பாடப்புத்தக வாக்கியம். ஆத்தப்பன் அண்ணனின் ‘பேக் டோர் ஓப்பனை’ அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நான் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சிரித்து முடித்துவிட்டு அந்தப் பெண் தாளில் இல்லாத ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். “அந்தப் பின்கதவு எந்தப் பக்கம் தொறக்கும்? உள்ள இழுக்கணுமா, வெளிய தள்ளணுமா?”

கதவு அன்று திறந்துதான் கிடந்தது, ஆனால் மிஷினை விட்டு எழுந்து போய் யார் பார்த்தார்கள்? “கடை ஷட்டர் மாதிரி மேல தூக்கணும்” என்றாராம் பெரியம்மா. ராக்கம்மாள் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, உள்பக்கம் என்றாராம். இன்னொருவர் இரண்டு பக்கமும் என்றாராம்.

கடைசியாக அம்மா. மற்ற கேள்விகள் எதையும் அந்தப் பெண் அம்மாவிடம் கேட்கவில்லை. கதவைப் பற்றி மட்டும்தான் கேட்டிருக்கிறாள். அம்மா, “வெளிய தள்ளணும்” என்றிருக்கிறாள். “எப்படித் தெரியும்?” “தள்ளுனோம். தொறக்கல.”

அவ்வளவுதான் சொன்னாளாம். யார் பெயரையும் எழுத மாட்டேன் என்று அந்தப் பெண் சத்தியம் செய்தாளாம். எழுதவும் இல்லை. ஆனால் கண்ணாடிக் கதவு வழியாக ஆத்தப்பன் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளங்கைகளை விரித்து மேஜை மேல் வைத்ததை அவர் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை கம்பெனி வேன் வந்தது. அம்மா ஏறப் போனாள். ஆத்தப்பன் அண்ணன் இறங்கி வந்து, “அக்கா, இப்ப வேலை கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க. நாங்களே போன் பண்றோமுங்க” என்றார். நான் பள்ளிச் சீருடையில் பக்கத்திலேயே நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேனுக்குள் இருந்த யாரும் எங்களைப் பார்க்கவில்லை. கருத்தம்மா பெரியம்மா மடியில் இருந்த தூக்குவாளியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ராக்கம்மாள் அக்கா வாசலில் நின்று சத்தம் போட்டார். “ஆர்டரு நின்னா ஏம் பிள்ளைகளுக்கு நீ சோறு போடுவியா? ஒன் வாய் சும்மா இருந்தா என்ன? எல்லாரும் தெரியாத மாதிரி எதையாச்சும் சொல்லிட்டு வந்தோம்ல?” அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே, “புகைக்குள்ள நீதானடி ஏஞ் சேலையப் பிடிச்சுக்கிட்டு வந்த” என்றாள். ராக்கம்மாள் அக்கா போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆர்டர் நிற்கவில்லை. சரிசெய்யச் சொல்லித் தவணை கொடுத்திருக்கிறார்களாம். பின்கதவில் பூட்டு மாட்டும் கொண்டியையே அறுத்து எடுத்துவிட்டார்கள். நேற்று கருத்தம்மா பெரியம்மா குழாயடியில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்தார். சாப்பாட்டு நேரத்தில் போய்க் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தாராம், திறந்துகொண்டதாம். வெளியே கருவேல மரமும் வாய்க்காலும் தெரிந்தனவாம். இத்தனை வருஷத்தில் அதைப் பார்த்ததே இல்லையாம். அம்மா, “சத்தம் போடுதா?” என்று கேட்டாள். “லேசாக் கிறீச்சுங்குது.” “எண்ண விடச் சொல்லு. துரு ஏறிருக்கும்” என்றாள் அம்மா. பெரியம்மா போகும்போது ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பை வைத்துவிட்டுப் போனார்.

அம்மா அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் போய்க் கேட்டாள். இதற்கு முன் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னதும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்களாம். காதர்பேட்டையில் பீஸ் மடிக்க ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளை அங்கே போகப் போகிறாள்.

நான் அவளிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன். அக்கா எழுதியதை வாசித்ததால்தான் அப்படிச் சொன்னாயா, இல்லை நான் சொல்லிக்கொடுத்த லட்சணத்தாலா என்று. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ணல. அந்தப் பிள்ள நம்ம ஊருப் பேச்சுல கேட்டுச்சு. அதுட்டப் பொய் சொல்ல வரல” என்றாள். அதற்கு மேல் என்னைப் பேசவிடவில்லை. போய்ப் படி என்றாள்.

உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் பெட்டியை எடுத்து வைக்கத் தோன்றும். ஏதாவது கம்பெனியில் செக்கிங் வேலைக்காவது போய்விட்டால் தரணியாவது படிப்பாள் என்று கணக்குப் போடுவாய். செய்யாதே அக்கா. நீ வந்து நம் வாசலில் பெட்டியை இறக்கினால், தான் சொன்னது தப்பு என்று அம்மா அன்றைக்குத்தான் நினைப்பாள். இதுவரை நினைக்கவில்லை. நான் தினமும் அவள் முகத்தைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று மட்டும். அம்மா இப்போதும் அதே நேரத்துக்கு எழுகிறாள். தலை சீவி, பூ வைத்து, சோற்றை டப்பாவில் அடைத்து மூடுகிறாள். வேன் ஹாரன் தெருமுனையைத் தாண்டிப் போகும்வரை செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். பிறகுதான் கழற்றுகிறாள். அடுத்த முறை நீ விடுதியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்யும்போது, வேலைக்குப் போய்விட்டு வந்தேன், கை வலிக்கிறது, படுக்கப் போகிறேன் என்பாள். நீ எதுவும் கேட்காதே. டப்பாவில் என்ன கொண்டுபோனாய் என்று மட்டும் கேள். என்ன குழம்பு, என்ன பொரியல், யார் யாருக்குக் கொடுத்தேன் என்று விரிவாகச் சொல்வாள். அவள் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள், அக்கா.

நீ அங்கேயே இருந்து படிக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கும்,
உன் தரணி.